இணையச் சதுரங்கத்தில் கணினிக் கணக்குகளும் தரப்புள்ளித் திரிபும்

இணையச் சதுரங்கத் தரப்புள்ளித் திரிபு என்பது, இணையச் சதுரங்க வழங்கிகளில் மனிதர்களோடு கணினி நிரல்கள் இயக்கும் கணக்குகளும் தரப்புள்ளிக்காக ஆடுவதால், வீரர்களின் தரப்புள்ளிகள் அவர்களது உண்மையான ஆட்டவலுவிலிருந்து விலகிப்போவதைக் குறிக்கும். இத்தகைய கணக்குகள் இரு வகைப்படும். தன்னைக் கணினி என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு ஆடுவது ஒரு வகை. மனிதப் பெயரில் அமர்ந்து, நகர்வுகளை நிரலிடம் கேட்டு ஆடுவது மற்றொரு வகை. பின்னது மோசடி என்பதால் அதைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. ஆயினும் விதிகளுக்கு உட்பட்டு ஆடும் முதல் வகைக் கணக்குகளாலும் தரப்புள்ளிகள் திரிபடைகின்றன.

தரப்புள்ளியின் இயல்பு

சதுரங்க வீரர்களின் வலுவை எண்ணால் குறிக்கும் எலோ தரவுகோள் முறையை அமெரிக்க இயற்பியலாளர் ஆர்பாத் எலோ வகுத்தார். இதனை ஐக்கிய அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960 ஆம் ஆண்டிலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான பிடே 1970 ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டன. இம்முறையில் இருவரின் புள்ளி வேறுபாட்டைக் கொண்டு ஆட்டத்தின் எதிர்பார்க்கப்படும் முடிவு கணிக்கப்படுகிறது. 200 புள்ளிகள் கூடுதலாக உள்ளவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகளும், 400 கூடுதலாக உள்ளவர் ஏறத்தாழ 91 புள்ளிகளும் பெறுவார் என எதிர்பார்க்கப்படுகிறது. முடிவு எதிர்பார்ப்புக்கு மேல் இருந்தால் தரப்புள்ளி ஏறும். கீழே இருந்தால் இறங்கும்.

தரப்புள்ளி, எடைக்கல்லைப் போலத் தனித்து நிற்கும் அளவன்று. ஒருவர் யாருடன் ஆடினாரோ அவர்களையும், அவர்கள் யாருடன் ஆடினார்களோ அவர்களையும் சார்ந்தே அது பொருள் பெறுகிறது. ஒன்றோடொன்று ஆடிக்கொள்ளும் இவ்வீரர் கூட்டத்தை ஆட்டக்குழாம் எனலாம். ஒரு குழாமில் 1800 பெற்றவரும் மற்றொரு குழாமில் 1800 பெற்றவரும் ஒரே வலுவுடையவர்களாக இருக்க வேண்டியதில்லை. கணினிச் சதுரங்க நிரல்களின் பட்டியல்களில் ஸ்டாக்ஃபிஷ் நிரலுக்கு 3500க்கு மேல் காட்டப்படுகிறது. மனிதர்களில் மிக உயர்ந்த பிடே தரப்புள்ளி மாக்னசு கார்ல்சன் 2014 ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்டிய 2882 ஆகும். இவ்விரண்டு எண்களையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பது வழக்கமாக இருந்தாலும், நிரல்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடிப் பெற்ற எண் அது என்பதால் அக்கழித்தலுக்குப் பெரிய பொருள் இல்லை.

எலோ முறையில் இரு வீரர்களுக்கும் ஒரே மாற்றக்கெழு இருந்தால், ஒருவர் பெறும் புள்ளி மற்றவர் இழக்கும் புள்ளியாகவே இருக்கும். அதாவது குழாமில் உள்ள புள்ளிகளின் கூட்டுத்தொகை மாறாது. மார்க் கிளிக்மன் 1995 ஆம் ஆண்டில் வகுத்த கிளிக்கோ முறையிலும், அதன் வழிவந்த கிளிக்கோ-2 முறையிலும் ஒவ்வொருவரின் எண் எவ்வளவு உறுதியானது என்பதும் கணக்கில் கொள்ளப்படுவதால் இச்சமன்பாடு அப்படியே பொருந்தாது. எனினும் வலுமிக்க ஒரு கணக்கு புதிதாக நுழையும்போது பிறரின் புள்ளிகள் அதனிடம் செல்வது எல்லா முறைகளுக்கும் பொதுவானது.

வழங்கிகளின் தோற்றமும் கணினிகளின் வருகையும்

இணையச் சதுரங்க வழங்கி என்ற பெயரிலேயே முதல் வழங்கி 1992 ஆம் ஆண்டு சனவரியில் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. பின்னர் அதன் பொறுப்பை ஏற்ற கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் சிலேட்டர், 1995 ஆம் ஆண்டில் அதனை இன்டர்நெட் செஸ் கிளப் என்னும் கட்டண வழங்கியாக மாற்றினார். இதனை விரும்பாத தன்னார்வலர்கள் அதே ஆண்டில் ஃபிக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்டணமில்லா வழங்கியைத் தொடங்கினர். இன்று பெருவழக்காக உள்ள செஸ்.காம், லீச்செஸ் ஆகியவை இவற்றுக்குப் பல ஆண்டுகள் பிந்தியவை.

கணினி நிரல்கள் தொடக்கம் முதலே இவ்வழங்கிகளில் இடம்பெற்றன. டிம் மான் வளர்த்த எக்ஸ்போர்டு, வின்போர்டு ஆகிய மென்பொருட்களில் சிப்பி என்ற இணைப்பு வசதி இருந்தது. இதன் மூலம் எந்தவொரு நிரலையும் வழங்கியோடு இணைத்து, மனிதத் தலையீடு இன்றி இரவும் பகலும் ஆடவைக்க முடிந்தது. ராபர்ட் ஹயாட் எழுதிய கிராஃப்டி நிரல் இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடியது. நிரல் எழுதுபவருக்கு இது பெரும் பேறு. வலிமை வாய்ந்த எதிராளிகள் கட்டணமின்றிக் கிடைத்தனர். வீரர்களுக்கும் எந்நேரமும் எதிராளி ஒருவர் கிடைத்தார்.

இக்கணக்குகளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் சி என்னும் ஆங்கில எழுத்து இடப்பட்டது. கணினியுடன் ஆட விரும்பாதவர் அக்கணக்குகளின் அழைப்பைத் தடுத்துவைக்கவும் முடிந்தது. ஃபிக்ஸ் வழங்கியில் தரவரிசையைக் காட்டும் கட்டளைகளுக்கு, கணினிகளை நீக்கி மனிதர்களை மட்டும் காட்டும் இணைக்கட்டளைகளும் தரப்பட்டன. இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. பட்டியலிலிருந்து கணினிகளின் பெயர் நீங்கினாலும், அவற்றோடு ஆடியதால் ஏறிய அல்லது இறங்கிய புள்ளிகள் மனிதர்களின் எண்ணில் அப்படியே தங்கிவிடுகின்றன.

திரிபு நிகழும் வழிகள்

மறைமுகக் கணக்கினால் ஏற்படும் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். உலக வாகையரையும் வெல்லக்கூடிய நிரல் ஒன்று 1500 புள்ளியில் புதிய கணக்கைத் தொடங்கி, 1500 புள்ளி உடையவர்களோடு மட்டும் ஆடி எல்லா ஆட்டங்களிலும் வெல்வதாகக் கொள்வோம். மாற்றக்கெழு 32 எனில் முதல் ஆட்டத்தில் 16 புள்ளிகள் கிடைக்கும். ஏறத்தாழ 18 ஆட்டங்களில் அக்கணக்கு 1700ஐயும், ஏறத்தாழ 60 ஆட்டங்களில் 1900ஐயும் எட்டும். முதல் 18 பேரும் சேர்ந்து 200 புள்ளிகளை, அதாவது ஆளுக்குச் சராசரியாக 11 புள்ளிகளை இழந்திருப்பர்.

தனியொருவருக்கு 11 புள்ளிகள் சிறு தொகையே. ஒரு மாலைப்பொழுதில் தூக்கக் கலக்கத்தில் ஆடியும் அதனை இழக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு பின்னர் கண்டுபிடிக்கப்பட்டு மூடப்படும்போது, அது திரட்டிய புள்ளிகளும் குழாமிலிருந்து வெளியேறுகின்றன. இவ்வாறு பல கணக்குகள் தோன்றி மறைந்தால் குழாம் முழுவதும் மெல்லப் புள்ளி வற்றிப்போகும்.

பலரும் எண்ணுவதற்கு மாறாக, எப்போதும் நிரலை மட்டுமே கொண்டு ஆடும் கணக்கு ஓரளவுக்கு மேல் திரிபை உண்டாக்குவதில்லை. தனக்குரிய உயரத்தை அடைந்தபின் அதன் எண் அதன் வலுவைச் சரியாகவே காட்டும். அதனிடம் தோற்பவர் மிகக் குறைந்த புள்ளிகளையே இழப்பார். பெருந்தீங்கு விளைவிப்பவை வேறு இரண்டு. முதலாவது, மூடப்பட்டவுடன் புதிய பெயரில் மீண்டும் கீழிருந்து ஏறும் கணக்கு. ஒவ்வொரு ஏற்றத்திலும் அது புதிதாகப் புள்ளிகளைப் பறிக்கிறது. இரண்டாவது, சில ஆட்டங்களில் சொந்தமாகவும், சில ஆட்டங்களில் அல்லது சிக்கலான ஓரிரு நகர்வுகளில் மட்டும் நிரலின் துணையோடும் ஆடும் கணக்கு. இதன் எண் இரு வேறு வீரர்களின் சராசரியாகும். எதிரே அமர்பவருக்கு அவ்விருவரில் எவர் வருவார் என்பது தெரியாது. எத்தனை ஆட்டங்கள் ஆடினாலும் இவ்வெண் சரியாக அமையாது.

வெளிப்படையான கணினிக் கணக்குகளில் சிக்கல் வேறு விதமானது. எலோ முறை, வலு என்பது ஒரே கோட்டில் அமைந்தது என்று கொள்கிறது. அதாவது அ என்பவர் ஆவை வெல்லக்கூடியவராகவும், ஆ இயை வெல்லக்கூடியவராகவும் இருந்தால் அ இயை எளிதில் வெல்வார். மனிதர்களுக்கு இடையே இது பெரும்பாலும் பொருந்துகிறது. கணினி இடையில் புகும்போது பொருந்துவதில்லை. 1990களின் நிரல்கள் திறந்த நிலைகளில் கண்ணிமைக்கும் நேரத்தில் உத்திகளைக் கண்டறிந்தன. ஆனால் சிப்பாய்கள் ஒன்றையொன்று முட்டி நின்று வாரியம் அடைபட்ட நிலைகளில் இலக்கின்றிக் காய்களை முன்னும் பின்னும் நகர்த்தின. இதனை அறிந்த சில வீரர்கள் எல்லா ஆட்டங்களையும் அடைபட்ட நிலைக்குக் கொண்டுசென்று வெற்றியோ சமநிலையோ பெற்றனர். தம்மைவிட 500 புள்ளி கூடுதலாக உள்ள கணக்கோடு சமநிலை செய்தாலே பெரும் புள்ளி கிடைக்கும். இத்திறமை மனிதர்களுக்கு எதிரே பயன்படாது என்பதால், அவ்வாறு ஏறிய எண்ணை நம்பி அவரோடு ஆடும் மற்றொரு மனிதர் தவறான எதிர்பார்ப்போடு அமர்கிறார்.

இதன் அடுத்த படியைப் புள்ளி அறுவடை எனலாம். சில நிரல்கள் ஒரே நிலையில் ஒரே நகர்வையே மீண்டும் செய்யும் இயல்புடையவை. அத்தகைய நிரலை ஒருமுறை வென்ற வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு, அதே ஆட்டத்தை மீண்டும் மீண்டும் ஆடிப் புள்ளி சேர்க்க முடியும். சதுரங்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இங்குக் கட்டாயமில்லை. நிரல் எழுதுபவர்கள் திறப்பாட்டத் தொகுப்பில் தற்செயல் தேர்வைச் சேர்த்தும், தோற்ற வரிசையை நினைவில் வைத்துத் தவிர்க்கும் கற்றல் வசதியை அளித்தும் இதனை எதிர்கொண்டனர்.

கணினிக் கணக்கின் வலுவும் நிலையானதன்று. மனிதரின் வலு ஆண்டுக்கணக்கில் மாறுகிறது. கணினிக் கணக்கின் உரிமையாளர் ஒரே இரவில் வன்பொருளை மாற்றலாம். நிரலின் புதிய பதிப்பை நிறுவலாம். பெயரும் எண்ணும் பழையனவாகவே இருக்க, உள்ளிருக்கும் வீரர் மட்டும் வேறாகிவிடுகிறார். எண் புதிய வலுவை எட்டும்வரை எதிராளிகள் அதற்கு விலை கொடுக்க நேரிடும்.

வேண்டுமென்றே வலுக் குறைக்கப்பட்ட நிரல்கள் தனி வகையாகும். 1500 மட்டத்து மனிதர் ஆட்டம் முழுவதும் சிறு சிறு பிழைகள் செய்வார். வலுக் குறைத்த நிரலோ பத்து நகர்வுகளுக்குக் கிராண்ட்மாசுடர் போல ஆடிவிட்டுப் பதினோராவது நகர்வில் காரணமின்றிக் குதிரையை இழக்கும். அந்தப் பதினோராவது நகர்வுக்காகப் பொறுமையோடு காத்திருக்கத் தெரிந்தவர் அதனிடமிருந்து எளிதில் புள்ளி பெறுவார். இக்குறையைக் களைய முயன்ற மையா என்னும் திட்டம் 2020 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிறந்த நகர்வைத் தேடுவதற்குப் பதிலாக, லீச்செஸ் வழங்கியில் மனிதர் ஆடிய ஆட்டங்களைக் கற்று, குறிப்பிட்ட மட்டத்து மனிதர் எந்நகர்வைச் செய்வார் என்று அது கணித்தது. 1100, 1500, 1900 மட்டங்களுக்கான மையா கணக்குகள் லீச்செஸ் வழங்கியில் ஆடுகின்றன. 1100 மட்டத்து ஆட்டங்களைக் கற்ற கணக்கு அம்மட்டத்தைவிட வெகுவாக உயர்ந்த தரப்புள்ளியைப் பெற்றது. பலரின் ஆட்டங்களில் பொதுவாக உள்ள நகர்வைத் தேர்ந்தெடுக்கும்போது தனிமனிதரின் தற்செயல் பிழைகள் உதிர்ந்துவிடுவது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. மனிதரைப் போல ஆடுமாறு வடிவமைத்த நிரலும் மனிதத் தரப்புள்ளியில் நேராகப் பொருந்தவில்லை என்பது இதனால் விளங்கும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

நிரலின் துணையால் தரப்புள்ளி திரிந்ததாக இந்தியாவில் பரவலாக அறியப்பட்ட முதல் நிகழ்வு இணையத்தில் நடைபெறவில்லை. 2006 ஆம் ஆண்டு திசம்பரில் தில்லியில் நடந்த போட்டி ஒன்றில், தொப்பிக்குள் தைக்கப்பட்ட புளூடூத் கருவி வழியாக வெளியிலிருந்து நகர்வுகளைப் பெற்ற வீரர் ஒருவர் பிடிபட்டார். அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குப் பத்தாண்டுகள் தடை விதித்தது. அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுகளில் அவரது தரப்புள்ளி 500க்கும் மேல் உயர்ந்திருந்தது. அவரிடம் தோற்றவர்கள் இழந்த புள்ளிகள் பிடேயின் அதிகாரப்பூர்வப் பட்டியலிலேயே ஏறியவை ஆகும்.

2020 ஆம் ஆண்டு மார்ச்சில் கோவிட்-19 ஊரடங்கு தொடங்கியபின் நேரடிப் போட்டிகள் நின்று, இந்தியச் சதுரங்கம் ஏறத்தாழ முழுவதும் இணையத்துக்குப் பெயர்ந்தது. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் முடிவுற்ற இணைய ஒலிம்பியாடில் விசுவநாதன் ஆனந்த், பிரக்ஞானந்தா, வைசாலி ஆகிய தமிழ்நாட்டு வீரர்களும் இடம்பெற்ற இந்திய அணி உருசியாவுடன் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டது.

மறைமுகத் துணை பற்றிப் பொதுமக்களும் அறிந்துகொண்ட நிகழ்வு 2021 ஆம் ஆண்டு சூன் 13 அன்று நடைபெற்றது. கோவிட் நிவாரணத்துக்கு நிதி திரட்டுவதற்காக ஆனந்த், பல துறைப் பிரபலங்களுடன் செஸ்.காம் வழங்கியில் ஒரே வேளையில் ஆடினார். அவர்களுள் தொழிலதிபர் நிகில் காமத் மட்டும் அவரை வென்றார். ஐந்து முறை உலக வாகையரான ஒருவரைப் புதியவர் வென்றது ஐயத்தைக் கிளப்பவே, கணினியின் துணையைப் பெற்றதை அவர் மறுநாளே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அவரது கணக்கு மூடப்பட்டுப் பின்னர் மீட்டளிக்கப்பட்டது. அவ்வாட்டங்கள் தரப்புள்ளிக்காக ஆடப்பட்டவை அல்ல என்பது மீட்டளிக்கக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றாகும். வழங்கியின் நோக்கில் தரப்புள்ளி கைமாறுவது எவ்வளவு முதன்மையானது என்பதை இது காட்டுகிறது. ஆனந்தின் எண்ணுக்கு இதனால் இழப்பு ஏதும் இல்லை. அவருக்கு வழங்கியின் எண் தேவையும் இல்லை.

தேவைப்படுபவர் வேறு இடத்தில் இருக்கின்றனர். மதுரையிலிருந்து தேனி செல்லும் வழியில் உள்ள உசிலம்பட்டி போன்ற ஊரில் சதுரங்கம் பழகும் சிறுவருக்குப் பிடே தரப்புள்ளி பெற வேண்டுமானால், அதற்கென நடத்தப்படும் போட்டிகளைத் தேடி நகரங்களுக்குச் செல்ல வேண்டும். நுழைவுக் கட்டணம், பல நாள் தங்கும் செலவு, உடன் வரும் பெற்றோரின் கூலியிழப்பு ஆகியவை இதில் அடங்கும். அவ்வளவு செலவிட்டு அனுப்பலாமா என்று வீட்டார் முடிவு செய்வதற்கு முன் கையில் உள்ள ஒரே அளவுகோல் கைபேசியில் தெரியும் வழங்கித் தரப்புள்ளியாகவே இருக்கக்கூடும். மறைமுகக் கணக்குகள் மிகுந்த நேரத்தில் ஆடி 100 புள்ளி இறங்கிய சிறுவரும், கணினிக் கணக்கு ஒன்றை ஏமாற்றப் பழகி 200 புள்ளி ஏறிய சிறுவரும் அவ்வளவுகோலால் தவறாக அளக்கப்படுகின்றனர். சென்னையில் பயிற்சி பெறும் சிறுவரின் எண்ணைத் திருத்திப் படிக்கப் பயிற்றுநர் ஒருவர் அருகில் இருப்பார்.

ஊரடங்கின் மற்றொரு விளைவும் இங்குக் கருதத்தக்கது. நேரடிப் போட்டிகள் நின்ற காலத்தில் இளையோர் இணையத்தில் ஆடி வலுப்பெற்றனர்; அவர்களது பிடே எண்ணோ பழைய இடத்திலேயே உறைந்திருந்தது. போட்டிகள் மீண்டும் தொடங்கியபோது குறைந்த எண்ணோடு வந்த இவர்கள் பெரியவர்களிடமிருந்து புள்ளிகளை வாரிக்கொண்டனர். நேர்மையான முன்னேற்றமே என்றாலும், கணக்கின் அளவில் இது மறைமுக நிரல் புகுந்த குழாமில் நிகழ்வதையே ஒத்தது. பல நாடுகளில் இவ்வாறு புள்ளிகள் வற்றியதை அடுத்து, 2024 ஆம் ஆண்டு மார்ச்சில் பிடே 2000க்குக் கீழ் உள்ள அனைவரின் எண்ணையும் ஒருமுறை உயர்த்தியது. 2000க்கும் அவரது எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டில் பத்தில் நான்கு பங்கு சேர்க்கப்பட்டது. 1500 புள்ளி உடையவர் இதனால் 1700 ஆனார். மிகக் குறைந்த தரப்புள்ளி 1000 என்பதிலிருந்து 1400 ஆக உயர்த்தப்பட்டது.

வழங்கிகளின் நடவடிக்கைகள்

செஸ்.காம் வழங்கியில் கணினி எதிராளிகளோடு ஆடும் ஆட்டங்கள் வீரரின் தரப்புள்ளியை மாற்றுவதில்லை. லீச்செஸ் வழங்கியிலும் அதன் சொந்தக் கணினியோடு ஆடுவதற்குப் புள்ளி இல்லை. ஆனால் 2018 ஆம் ஆண்டிலிருந்து பயனர்கள் இயக்கும் பாட் கணக்குகளை லீச்செஸ் அனுமதிக்கிறது. இக்கணக்குகளின் பெயருக்கு முன் பாட் என்ற அடையாளம் இருக்கும். நேரடி அழைப்பின் மூலம் மட்டுமே இவற்றோடு ஆட முடியும். தானாக இணைசேர்க்கும் வரிசையில் இவை வருவதில்லை. ஒரு கணக்கைப் பாட் கணக்காக மாற்ற வேண்டுமானால் அது அதற்குமுன் ஓர் ஆட்டமும் ஆடியிருக்கக் கூடாது. இதனால் மனிதர் சேர்த்த எண்ணை நிரலுக்கு மாற்றிக் கொடுப்பது தடுக்கப்படுகிறது. இருப்பினும் பாட் கணக்கோடு தரப்புள்ளி ஆட்டம் ஆட வழி உள்ளதால், அறுவடைச் சிக்கல் முற்றிலும் நீங்கவில்லை.

மறைமுகக் கணக்கு கண்டறியப்பட்டால், அதனிடம் தோற்றவர்களுக்கு இழந்த புள்ளிகளைத் திருப்பித் தருவது இரு வழங்கிகளிலும் வழக்கம். நேரடி இழப்பை இது ஈடுசெய்கிறது. எனினும் புள்ளி இழந்திருந்த நாட்களில் அவ்வீரர் ஆடிய பிற ஆட்டங்கள் மீண்டும் கணக்கிடப்படுவதில்லை. குறைந்த எண்ணோடு இருந்த அவரிடம் தோற்றவர் சற்றுக் கூடுதலாக இழந்திருப்பார்; அந்த இழப்பு அப்படியே நிற்கும்.

கண்டறியும் முறைகளிலும் திரிபு மீண்டும் குறுக்கிடுகிறது. பபலோ பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியர் கென்னத் ரீகன் உருவாக்கிய புள்ளியியல் முறை, ஒருவரின் நகர்வுகள் நிரலின் தேர்வுகளோடு எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதை, அவரது தரப்புள்ளி உடையவரிடம் எதிர்பார்க்கப்படும் அளவோடு ஒப்பிடுகிறது. எனவே தரப்புள்ளி தவறாக இருந்தால் எதிர்பார்ப்பும் தவறாகும். ஊரடங்கில் எண் உறைந்துபோன இளையோரை அவர்களது பழைய எண்ணைக் கொண்டு சோதித்தால், உண்மையாகவே வளர்ந்த ஒருவர் ஐயத்துக்கு உரியவராகத் தோன்றுவார். இதனை உணர்ந்த ரீகன், வயதையும் இடைப்பட்ட காலத்தையும் கொண்டு இளையோரின் எண்ணை முதலில் உயர்த்தி மதிப்பிட்டு, அதன் பின்னரே ஒப்பிடும் திருத்தத்தைக் கையாண்டார். போட்டிகள் அரிதாக நடைபெறும் ஊர்களிலிருந்து வருபவர்களின் எண் ஊரடங்கு இல்லாத காலத்திலும் இவ்வாறே பின்தங்கி இருப்பதால், அவர்களைப் பொறுத்தவரை இத்திருத்தத்தின் தேவை ஊரடங்கோடு முடிந்துவிடவில்லை.